சராசரி நூறு

ராஜ்யங்கள் எண்ணிய எண்ணிக்கையெல்லாம் ஒருநாள் புழுதியாகும், ஓர் ஆத்துமாவின் மதிப்போ வானமும் பூமியும் ஒழிந்த பிறகும் நிற்கும் என்று ஆயர் அறிவிப்பு நேரத்தில் முழங்கினார். முழங்கிவிட்டு, கையிலிருந்த வருகைச் சீட்டை நான்காக மடித்து அங்கிக்குள் போட்டுக்கொண்டார். சீட்டில் எழுபத்தொன்பது என்று எழுதியிருந்தது.

நூற்றிருபதைத் தாண்டுகிற வாரங்களில் ராஜ்யங்களும் வராது, புழுதியும் வராது. செயலாளர் எண்ணிக்கையை வாசித்து முடித்ததும், பின் பெஞ்சுகளுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை வாசியுங்கள் என்பார் ஆயர். மைக் நன்றாகத்தான் வேலை செய்யும்.

இந்தச் சீட்டை எழுதுகிறவர் கண்டக்டர். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் ஓடி ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் அது பத்திரமாக இருந்தது, வெளியே வந்ததில்லை. நெரிசலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டே, நிற்கிறது இருபத்தாறு, அதில் டிக்கெட் எடுக்காதது மூன்று என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற கண் அவருக்கு. அந்தக் கண்ணைச் சபை வீணாக்கவில்லை. ஓய்வு பெற்ற மறு ஞாயிறே, கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறுகிற ஒரு சின்ன எந்திரத்தை அவர் கையில் திணித்து மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷம் ஆகிறது.

மாடியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. பின்னந்தலைதான் தெரியும். வழுக்கை, கொண்டை, சீவாத சுழி, சாயம் பூச மறந்த நரை என்று சபை முழுவதும் கண்டக்டருக்குப் பின்னந்தலைகளாகத்தான் பழக்கம். கடைத்தெருவில் எதிரே வந்து யாராவது வணக்கம் சொன்னால் தடுமாறிப்போவார். அவர்கள் தாண்டிப் போய் முதுகைக் காட்டிய பிறகுதான், அட, ஆறாவது பெஞ்சு நடு ஆள் என்று பிடிபடும்.

இரண்டாம் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது எண்ணுவார். எந்திரத்தில் மொத்தம் ஏறியதும், பெஞ்சு வாரியாகப் பெயர் எழுதிய அட்டையில், வந்தவர்களுக்கு நேரே டிக் போடுவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். யாரும் சொல்லி வைத்ததில்லை, மாறியதும் இல்லை. பிறகு மாடிப்படி இறங்கி வந்து சீட்டைச் செயலாளரிடம் கொடுப்பார். அதோடு அவர் வேலை தீர்ந்தது. அதற்கப்புறம் அறிவிப்பு, பிரசங்கம்.

அட்டைக்கு ஒரு மகத்தான பயன் இருந்தது. தொடர்ந்து மூன்று வாரம் டிக் இல்லாத பெயர் ஆயரின் பட்டியலுக்குப் போகும்; ஆயர் அந்த வீட்டுக்கே நேரில் போவார். 'தேடிச் செல்லும் திட்டம்' என்று இதற்குப் பெயர் வைத்து, தன் படத்தோடு வாசலில் பேனரும் கட்டியிருந்தார். பேனரில் ஆயர் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வருஷச் சராசரி வருகை நூறுக்குக் கீழே உள்ள சபைகளுக்கு இனி தனியாக ஆயர் கிடையாது. பாலத்துக்கு அப்பால் உள்ள பெரிய சபையோடு சேர்த்துவிடுவார்கள். கட்டடம் அந்தச் சபையின் நாற்காலிகளும் பந்தல் கம்புகளும் போட்டுவைக்க உதவும் என்று கடிதம் அன்போடு சொல்லியிருந்தது.

கமிட்டி அவசரமாகக் கூடியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் செயலாளர் தன் மூக்கிலிருந்ததைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கூட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு ஞாயிறுக்கு மொத்தம் ஐயாயிரத்து இருநூற்று நான்கு. சராசரி நூறும் ஒரு துளியும். ஆயர் கண்ணை மூடி நன்றி சொன்னார். ராஜ்யங்களைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

கடிதத்துக்கு இரண்டாம் பக்கமும் இருந்தது. சனிக்கிழமை ஆய்வாளர் ஒருவர் வருவார், வருகை அட்டையிலிருந்து தான் விரும்பிய பத்துப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பார், அவர்களை வீட்டிலேயே போய்ப் பார்ப்பார். தாராளமாக வரட்டும் என்றார் ஆயர். நம் கண்டக்டர் கணக்கில் ஒரு தலை கூடாது, ஒரு தலை குறையாது என்று செயலாளர் கண்டக்டரின் முதுகில் தட்டினார்.

கண்டக்டருக்கு அந்தத் தட்டு முதுகெலும்பு வரை இறங்கியது. ஏனென்றால் ஒரு தலை கூடியிருந்தது.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அவர் மனைவி துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு, கணுக்காலை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் படுக்கை என்றார்கள். முதல் வாரம் அவளே சொன்னாள், வீடு கிடக்கிற கிடையில் ஒருத்தரும் வர வேண்டாம், யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று. கண்டக்டரும் திறக்கவில்லை. அந்த ஞாயிறு மாடியில் நின்றபோது மூன்றாவது பெஞ்சு ஓரம் காலியாக இருந்தது. எண்ணுகிறவன் வீட்டிலேயே ஆள் குறைந்தால் எப்படி என்று ஒரு கூச்சம். அடுத்த வாரம் வந்துவிடுவாள்தானே என்று எந்திரத்தை ஒரு தடவை கூடுதலாக அமுக்கி, அவள் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார்.

இரண்டாம் வாரம் வீடு எப்படியோ ஒழுங்காகிவிட்டது. அவள் தலை சீவி, நல்ல போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல் பக்கம் காதை வைத்துப் படுத்திருந்தாள். சபையிலிருந்து யாராவது வருவார்கள் என்று நாற்காலி இரண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். கண்டக்டர் போட்டார். ஆனால் போன வாரம் ஆராதனைக்கு வந்ததாக டிக் வாங்கியவளுக்கு, அதற்கு முந்தின வியாழனே கால் ஒடிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? இரண்டாவது டிக்கையும் போட்டார். மூன்றாவதையும் போட்டார். வீட்டில் சுகமா என்று யாராவது கேட்டால் சுகம் என்றார். பட்டியலுக்கு அவள் பெயர் போகவில்லை. ஆயர் வரவில்லை. பெண்கள் சங்கம் வரவில்லை. நாற்காலி இரண்டிலும் மடித்த துணி ஏறியது.

கட்டு பிரித்த பிறகும் அவள் கோயிலுக்குப் போகவில்லை. அவர்கள் கண்ணுக்கு நான் ஓர் ஆளாகத் தெரிந்திருந்தால் தேடியிருப்பார்களே என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. கண்டக்டரின் டிக் மட்டும் வாரம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. நாற்பத்துநான்கு டிக்.

இப்போது ஆயரின் வேலையும் கோயில் கட்டடமும் அந்த நாற்பத்துநான்கின் மேல் உட்கார்ந்திருந்தன. கண்டக்டருக்கு அதுகூடப் பெரிதில்லை. நாற்பத்து மூன்று வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள், தன்னை யாரும் தேடாததற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிய ஆள்தான் என்று தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதுதான் பெரிது.

அதிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலுக்குப் போனார். தெருவில் போகிறவர்களை எண்ணினார். கொடியில் தொங்கிய கிளிப்புகளை எண்ணினார், பதினேழு. மறுபடி எண்ணினார், பதினாறு. பதினேழாவது எங்கே போனது என்று தேடி, அது தன் சட்டைப் பையில் இருப்பதைக் கண்டார். எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை.

"என்னங்க, டிக்கெட் எடுக்காத ஆளைத் தேடுற மாதிரி வீட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்று மனைவி கேட்டாள். அது வியாழக்கிழமை.

"ஒண்ணுமில்ல. இந்த ஞாயித்துக்கிழமை நீயும் வாயேன்."

"எதுக்கு? தலை குறையுதா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"குறைஞ்சா நீங்களே ஒண்ணு சேத்து அமுக்கிக்கோங்க. அங்க நான் உக்காந்திருந்தாலும் அவங்களுக்கு அந்த ஒண்ணுதானே."

அவள் சும்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு, லேசாகச் சாய்ந்த நடையோடு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை செயலாளரின் கடைக்குப் போனார். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்று தொடங்கி, வராத ஆளுக்குக் கை தவறி டிக் விழுந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். செயலாளர் ஒரு கண்ணாடியின் காலைத் திருகிக்கொண்டே, கை தவறுவது மனித இயல்பு, அது எந்தப் பக்கம் தவறுகிறது என்பதுதான் விஷயம் என்றார். கீழ்ப் பக்கம் தவறினால் பாவம், மேல் பக்கம் தவறினால் விசுவாசம். மேலும், இத்தனை பெயரில் பத்தே பத்துதான் பார்க்கப் போகிறார். அந்தக் குறிப்பிட்ட பெயர் வர வேண்டும் என்று தலையெழுத்தா என்று ஆறுதல் சொல்லி, கண்டக்டரின் கண்ணாடியையும் வாங்கி இலவசமாகத் துடைத்துக் கொடுத்தார். கண்டக்டர் வீடு வரும் வழியெல்லாம் நூற்றில் பத்து, பத்தில் ஒன்று என்று மனக்கணக்குப் போட்டார். அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். அக்குளில் ஒரு கோப்பு. ஆயரும் செயலாளரும் ஆயர் அறையில் அட்டையை விரித்து வைத்தார்கள். கண்டக்டர் கதவோரம் நின்றார். ஆய்வாளர் கண்ணை மூடி விரல் வைப்பார், குலுக்கல் போடுவார் என்றெல்லாம் அவர் எதிர்பார்த்திருந்தார். ஆய்வாளர் அதெல்லாம் செய்யவில்லை. அட்டையின் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, இங்கே முழு வருகை யாருக்கு என்று கேட்டார்.

சபையில் யாருக்கும் முழு வருகை கிடையாது. ஆயரே நான்கு வாரம் விடுமுறையில் போனவர். செயலாளர் ஏழு வாரம் கடைச் சரக்கு வாங்கப் போனவர். பாட்டுக்குழுவில் சளி பிடிக்காத தொண்டை இல்லை. ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு டிக் வாங்கிய பெயர் அந்த அட்டையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாவுக்கட்டோடும், பிறகு வீம்போடும் வீட்டில் இருந்த வாரங்களையும் சேர்த்து.

"இந்த அம்மாவையே முதல்ல பாத்துடலாம்," என்றார் ஆய்வாளர்.

ஆயரின் முகம் மலர்ந்தது. நம் கண்டக்டர் சம்சாரம்தான், நான்கே தெரு, நடந்தே போகலாம் என்று அங்கியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். கண்டக்டர் கடைசியில் நடந்தார். மூன்று பின்னந்தலைகள் அவருக்கு முன்னால் போயின. மூன்று, மூன்று என்று அவர் மனம் அதையே எண்ணிக்கொண்டிருந்தது.

மனைவி கதவைத் திறந்தாள். ஆயரைக் கண்டதும் ஒரு நொடி அவள் முகத்தில் என்னவோ வந்து போனது. பத்து மாதம் தாமதமாகவாவது வந்தார்களே என்று நினைத்திருக்கலாம். நாற்காலிகளிலிருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, உட்காருங்கள் என்றாள்.

ஆயர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "அம்மா, இந்த வருஷம் ஒரு ஞாயிறு கூடத் தவறாம ஆராதனைக்கு வந்த ஒரே ஆத்துமா நீங்கதான்."

அவள் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நானா?"

"தாழ்மை," என்று ஆயர் ஆய்வாளருக்கு விளக்கினார். "எப்பவும் இப்படித்தான். மூணாவது பெஞ்சு ஓரத்துல உக்காருவாங்க. இவங்க முகத்தைப் பாத்துத்தான் நான் பிரசங்கமே பண்றது. போன ஞாயிறுகூட வாசல்ல கை குடுத்தேன். ஞாபகம் இருக்கா அம்மா?"

"யாருக்குக் குடுத்தீங்களோ தெரியல ஐயா," என்றாள் அவள். "கால் ஒடிஞ்சு பத்து மாசம் ஆச்சு. நான் அந்தப் பக்கமே வரலை."

செயலாளர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். ஆய்வாளர் அட்டையை அவளிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, தன் பெயரைக் கண்டுபிடித்து, டிக்குகளின் மேல் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது நான் மாவுக்கட்டோட கிடந்த வாரம்."

"ஆமா," என்றார் கண்டக்டர்.

"வந்திருக்கேன்."

"வந்திருக்க."

"அதுக்கு அடுத்த வாரமும்?"

"எல்லா வாரமும்," என்றார் கண்டக்டர். அவர் குரல் மாடியிலிருந்து வருவது போல இருந்தது.

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அட்டையைப் பார்த்தபடியே பேசினாள். "ஆட்டைக் காணோம்னு சொன்னாத்தானே தேடி வருவாங்க. நீங்க பட்டியில இருக்குன்னு எழுதிட்டீங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும்போதெல்லாம் நான் எழுந்து உக்காருவேன். நீங்க பக்கத்துல இருந்துக்கிட்டு, அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலைன்னு சொன்னீங்க."

கண்டக்டர் சொன்னதுதான். இல்லையென்று சொல்ல முடியாது.

ஆய்வாளர் கோப்பின் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். ஐயாயிரத்து நூற்று அறுபது. சராசரி தொண்ணூற்றொன்பதும் சில்லறையும். கடிதத்தின்படி நூறுக்குக் கீழே. அவர் மிகவும் வருந்தினார், வருந்திக்கொண்டே எழுதினார்.

"சார், எண்ணிக்கையா முக்கியம்?" என்று ஆயர் தொடங்கினார். "ஓர் ஆத்துமாவின் மதிப்பு..."

"மதிப்புதான் ஐயா. ஆனா இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

ஆயர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். போன ஞாயிறு யாருக்குக் கொடுத்த கை என்று யோசித்தாரோ என்னவோ.

மனைவி இன்னும் அட்டையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். தன் பெயருக்கு மேலே, கீழே, பக்கத்தில் என்று தேடினாள். "என் பேருக்கு இத்தனை டிக் இருக்கு," என்றாள் கணவரைப் பார்த்து. "உங்க பேர் எங்கங்க?"

கண்டக்டருக்குக் கேள்வி விளங்கவே சற்று நேரமானது. தன்னை எங்கே எண்ணுவது? எண்ணுகிறவர் அவர். "கண்டக்டரை யாராவது பயணி கணக்குல சேப்பாங்களா?" என்றார்.

செயலாளர் காலண்டரை விட்டுப் பாய்ந்து வந்தார். வருஷம் ஐம்பத்திரண்டு ஞாயிறும் இவர் கோயிலில்தான் இருந்தார், அதற்கு ஐம்பத்திரண்டு சீட்டும் சாட்சி, எல்லாம் இவர் கையெழுத்து. ஒரு முழு ஆள் இத்தனை நாளாகக் கணக்கில் வராமலே கிடந்திருக்கிறார். கைபேசியில் கூட்டினார், வகுத்தார், உயர்த்திக் காட்டினார். ஐயாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. பழைய சராசரியை விட அதிகம். கர்த்தர் ஒரு கதவை அடைத்தால், என்று ஆயர் ஆரம்பித்து, ஆய்வாளரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆய்வாளர் மறுக்கவில்லை. ஆயர் கணக்கில் வரமாட்டார், ஆனால் சபையார் யாரானாலும் வரலாம் என்றார். பிறகு படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார். பிரசங்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே வருகை.

"இருந்தீங்கதானே சார்?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

"இருப்பாரே," என்றார் ஆயர். "மாடியில, தூணை ஒட்டி. நான் மேல பாத்துப் பேசும்போதெல்லாம் இவரைத்தான்..." அங்கே அவருக்கு மூன்றாவது பெஞ்சு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மீதியை முழுங்கிவிட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆயருக்கு வேலை இருக்கும், கோயிலுக்குள் பந்தல் கம்பு வராது, பதினோரு வருஷக் கணக்கு சரியாகிவிடும். செயலாளர் புருவத்தால் கெஞ்சினார். ஆய்வாளரின் பேனா கட்டத்துக்கு மேல் காத்திருந்தது. கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை என்ன டிக் விழப்போகிறது என்பது போல.

கண்டக்டர் உள்ளதைச் சொன்னார். பதினோரு வருஷமாக, ஆயர் பிரசங்கத்தைத் தொடங்கும் நேரத்தில் அவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.